விதி 7-ஐ எடுத்ததும் மற்ற எண்கள் ஏன் குழம்பின? வேர்டில் எண்வரிசையை ஒழுங்காகப் போடும் முறை

தம்பி, உங்கள் கேள்வியையும் கூடவே அனுப்பிய கோப்பையும் பார்த்தேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் உங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்குகிறீர்கள். பதிவுக்குக் கொடுக்க வேண்டிய துணை விதிகளை வேர்டில் தயார் செய்கிறீர்கள். மொத்தம் 42 விதிகள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் உங்கள் மாமாவின் சங்கத்திலிருந்து ஒரு மாதிரியை வாங்கி, அதிலிருந்து பாதிக்கு மேல் வெட்டி ஒட்டினீர்கள். கூட்டத்தில் 7-ஆவது விதி வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டீர்கள். 11 வரை எண்கள் தானாக நகர்ந்தன. அதற்கு அடுத்த விதி மறுபடி (1) என்று தொடங்குகிறது. உட்பிரிவுகளில் (அ), (ஆ), (இ) வர வேண்டிய சில இடங்களில் (ய), (டி), (உ) என்று வருகிறது. (10)-இலிருந்து ஒவ்வொரு விதியிலும் முதல் வரி மட்டும் தள்ளி நிற்கிறது. "பேசாமல் எல்லா எண்ணையும் கையாலேயே அடித்துவிடலாமா அக்கா?" என்று முடித்திருந்தீர்கள்.

அடிக்காதீர்கள். ஏன் என்று உங்கள் கோப்பிலிருந்தே காட்டுகிறேன். பின்னால் 31-ஆவது விதியில் "விதி 22-இல் சொன்ன கோரம் இல்லாவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும்" என்று இருக்கிறது. கோரம் என்றால் கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். 7-ஐ எடுத்தபின் கோரம் பற்றிய விதி 21-ஆவது இடத்துக்கு வந்துவிட்டது. இப்போது 22-ஆவது இடத்தில் இருப்பது சந்தா பாக்கி பற்றிய விதி. அதாவது, சந்தா பாக்கி இருந்தால் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று படிக்கிற மாதிரி ஒரு விதி உங்கள் கையில் இருக்கிறது. கையால் எண் போட்டால் இந்த மாதிரித் தவறு ஒன்றல்ல, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வந்துகொண்டே இருக்கும். யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், சண்டை வரும் நாள் வரைக்கும்.

மஞ்சக்குப்பத்தில் நான் டி.டி.பி. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கடை வாடகை ஒப்பந்தம் அடித்துக் கொடுத்தேன். எண்களையெல்லாம் கையால்தான் போட்டேன். கடைசி நேரத்தில் இரண்டு தரப்பும் பேசி ஒரு ஷரத்தை நீக்கச் சொன்னார்கள். நீக்கினேன், கீழே உள்ள எண்களையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஆனால் உள்ளே "9-ஆவது ஷரத்தின்படி" என்று இருந்த ஒரு வரி என் கண்ணில் படவில்லை. பழைய 9 முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றியது, புதிய 9 கடையில் மாற்றம் செய்வது பற்றியது. கடையைக் காலி செய்யும்போது அந்த வரியை வைத்துப் பேச்சு வளர்ந்து, இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் போய்விட்டது. ஓர் எண்தானே என்று அன்றைக்குப் பிறகு நான் நினைத்ததில்லை.

சரி, உங்கள் கோப்புக்கு வருவோம். அதில் மூன்று விதமான எண்கள் கலந்திருக்கின்றன. முதல் 11 விதிகள் ஒரு தானியங்கி வரிசை. அடுத்து வருபவை மாமாவின் கோப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வந்த வேறொரு தானியங்கி வரிசை. நடுநடுவே சில எண்கள் கையால் அடித்த வெறும் எழுத்துகள். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஏதாவது ஓர் எண்ணின்மேல் ஒருமுறை கிளிக் செய்வதுதான். விதியின் எழுத்தின்மேல் அல்ல, எண்ணின்மேலேயே. அந்த எண்ணும், அதே வரிசையில் அதே மட்டத்தில் உள்ள மற்ற எண்களும் சாம்பல் நிறத்தில் தெரியும். தெரியாதவை வேறு வரிசையைச் சேர்ந்தவை. கர்சர் உள்ளேயே போய் நின்றால் அது கையால் அடித்த எண். உங்கள் முதல் விதியின் (1)-இன்மேல் கிளிக் செய்து பாருங்கள், 11 வரைதான் சாம்பல் ஆகும்.

அதற்கு அடுத்து மறுபடி (1) என்று நிற்கும் எண்ணின்மேல் வலது கிளிக் செய்தால் 'கன்டினியூ நம்பரிங்' என்று வரும். அதைக் கொடுத்தால் 12 என்று தொடரும். அவசரத்துக்கு அது போதும். ஆனால் கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்ட மாதிரிதான், அடுத்த முறை ஒரு விதியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால் மறுபடி பிரியும். 42 விதி உள்ள, பல பேர் கை வைக்கும் கோப்புக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் அந்த (ய), (டி), (உ). இது பலரையும் திகைக்க வைக்கிற விஷயம், காரணம் தெரிந்தால் மிகவும் நேரானது. உங்கள் மாமாவின் மாதிரி பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துதான், அதன் உருவம் மட்டும் தமிழாக வரையப்பட்டிருக்கும். ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்தில் 'ய', 'பி' இடத்தில் 'டி', 'சி' இடத்தில் 'உ', அதற்கடுத்த எழுத்தின் இடத்தில் 'ன'. மாமாவின் கோப்பில் உட்பிரிவுகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்து வரிசைதான் போட்டிருக்கிறார்கள். அந்த எண் பாமினியில் தெரியும்போது ய, டி, உ, ன என்று நிற்கிறது. 1, 2, 3 மட்டும் பாமினியிலும் 1, 2, 3-ஆகவே இருப்பதால் மேல்மட்டத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எண் ஏன் பாமினியில் வந்தது? வேர்டில் தானியங்கி எண்ணின் எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் அந்தப் பத்தியின் கடைசியில் இருக்கும் பத்திக்குறியிலிருந்து வருகின்றன. என்டர் தட்டும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் குறி அது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். விதியின் எழுத்தையெல்லாம் நீங்கள் யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்து தமிழாகவே பதிவாகும் முறைக்கு, மாற்றிவிட்டாலும், அந்தக் குறி இன்னும் பாமினியில் இருந்தால் எண் பாமினியில்தான் வரும். எழுத்து சாதாரணமாக இருக்க எண் மட்டும் தடித்து நிற்பதற்கும் இதேதான் காரணம். அந்தக் குறியை மட்டும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மாற்றினாலோ தடிமனை எடுத்தாலோ எண்ணும் மாறிவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து நேரம் போக்கியவர்கள் நிறைய.

இனி செய்ய வேண்டியது. கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பைத் திறங்கள். பாமினிப் பகுதிகளை முதலில் எழுத்துரு மாற்றும் கருவி (கன்வர்ட்டர்) ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றாமல் வெறும் எழுத்தாக ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது, எனவே இனி பாமினியில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மாற்றியபின் முழுவதையும் புதிய கோப்பில் ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது மாமாவின் வரிசை, இடைவெளி, எழுத்துரு எதுவும் கூட வராது. தானியங்கி எண்களும் வெறும் எழுத்தாக மாறி ஒட்டும். அவற்றை அழிக்க வேண்டும். ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம், ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மவுசை மேலிருந்து கீழே இழுத்தால் எண்கள் இருக்கும் பட்டை மட்டும் நெடுக்காகத் தேர்வாகும். டெலீட் தட்டினால் போதும். விதி இரண்டு மூன்று வரி நீண்டிருந்தால் அடுத்த வரிகளின் முதல் எழுத்துகளும் மாட்டிக்கொள்ளும், அந்த இடங்களில் மட்டும் கையால் எடுங்கள்.

இன்னொன்று, எண்ணைப் பற்றியதல்ல என்றாலும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் சங்கங்கள் பதிவாவது 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். நமக்கு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. மாமாவின் மாதிரியில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பார்த்து மாற்றுங்கள். அந்த எண்களை எந்த மென்பொருளும் உங்களுக்காகத் திருத்தாது.

இப்போது பாணி, அதாவது ஸ்டைல். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எண் போடும் பொத்தானை அழுத்துவதைவிட ஒரு பாணியை உருவாக்கி, அந்தப் பாணியோடு எண்ணைக் கட்டிவிடுவதுதான் நிலைக்கும். பொத்தானை ஒவ்வோர் இடத்திலும் அழுத்தும்போது வேர்ட் அதைப் பழைய வரிசையோடு சேர்ப்பதா, புதிதாகத் தொடங்குவதா என்று தானே முடிவு செய்கிறது. பாணியோடு கட்டினால் அந்தக் கேள்வியே எழாது. அந்தப் பாணி உள்ள பத்தியெல்லாம் ஒரே வரிசை.

ஸ்டைல்ஸ் பட்டியலில் 'நியூ ஸ்டைல்' கொடுத்து 'விதி' என்று ஒன்று, 'உட்பிரிவு' என்று ஒன்று, 'தொடர்ச்சி' என்று ஒன்று, மூன்றை உருவாக்குங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். பிறகு முதல் விதியில் கர்சரை வைத்து, ஹோம் பட்டியில் 'மல்ட்டிலெவல் லிஸ்ட்' பொத்தானின் கீழே 'டிஃபைன் நியூ மல்ட்டிலெவல் லிஸ்ட்' என்பதைத் திறங்கள். திறந்த பெட்டியில் இடப்பக்கம் அடியில் 'மோர்' என்று இருக்கும், அதை அழுத்தினால்தான் முழுப் பெட்டியும் விரியும். பலர் அதைக் கவனிக்காமல் விடுவதால் பாதி வசதி தெரியாமலே போகிறது. முதல் மட்டத்தைத் தேர்ந்தெடுத்து 'லிங்க் லெவல் டு ஸ்டைல்' என்ற இடத்தில் 'விதி' என்பதைக் கொடுங்கள். எண் வடிவம் 1, அதன்பின் ஒரு புள்ளி. அவ்வளவுதான். இனி எல்லா விதிகளையும் தேர்ந்தெடுத்து 'விதி' பாணியைக் கொடுத்தால் 1 முதல் 41 வரை ஓடிவிடும். விதியை இடம் மாற்ற வெட்டி ஒட்டவும் வேண்டாம், ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் பிடித்து மேல் அம்பு, கீழ் அம்பு தட்டினால் பத்தி நகரும், எண்ணும் கூடவே மாறும்.

அடைப்புக்குறி வேண்டாம், புள்ளி போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம். இரண்டாவதைப் பின்னால் சொல்கிறேன். முதல் காரணம் உங்கள் (10) தள்ளி நிற்பதுதான். வேர்ட் வழக்கமாக எண்ணின் தொடக்கத்துக்கும் எழுத்தின் தொடக்கத்துக்கும் நடுவே கால் அங்குலம் விடும். அங்குலத்துக்கு 72 பாயிண்ட், ஆகவே 18 பாயிண்ட். டைம்ஸ் நியூ ரோமனில் 12 பாயிண்ட் அளவில் ஓர் எண் 6 பாயிண்ட் அகலம், புள்ளி 3, அடைப்புக்குறி ஒவ்வொன்றும் 4. "10." என்றால் 15 பாயிண்ட், இடத்துக்குள் அடங்கும். "(9)" என்றால் 14, அடங்கும். "(10)" என்றால் 20, அடங்காது. அடங்காததால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் டேப் அடுத்த நிறுத்தத்துக்குத் தாவுகிறது, அது அரை அங்குலம் தள்ளி இருக்கிறது. முதல் வரி மட்டும் தாவ, மற்ற வரிகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. இதை ஸ்பேஸ் பார் தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது தீராது. அதே பெட்டியில் 'டெக்ஸ்ட் இண்டென்ட் அட்' என்ற இடத்தில் எண்ணின் தொடக்கத்திலிருந்து அரை அங்குலம் இருக்கிற மாதிரி வையுங்கள். 36 பாயிண்ட் கிடைக்கும், "12.10." வந்தாலும் 30 பாயிண்டில் அடங்கிவிடும். பின்னால் இந்த இடைவெளியை மாற்ற வேண்டுமானாலும் இதே பெட்டிக்கு வந்து மாற்றுங்கள். மேலே உள்ள அளவுகோலை இழுத்தால் அந்த ஒரு பத்தி மட்டும் வரிசையிலிருந்து விலகும்.

அந்தப் பெட்டியிலேயே 'ஃபான்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் திறந்து எண்ணுக்கு எழுத்துருவும் அளவும் குறிப்பிட்டுவிடுங்கள். தமிழுக்கு இது அவசியம். வேர்ட் தமிழை 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்று தனியாகவும், 1, 2, 3-ஐ ஆங்கில எழுத்தோடு சேர்த்தும் வைத்திருக்கிறது. நீங்கள் தமிழை 12 பாயிண்டில் வைத்தாலும் எண்கள் வேறு எழுத்துருவில் 11-இல் நிற்கலாம். கன்ட்ரோல், டி அழுத்தினால் இரண்டுக்கும் தனித்தனி இடம் தெரியும். 'விதி' பாணிக்குள் இரண்டையும் ஒத்த அளவில் வையுங்கள். தமிழ் எழுத்து சற்று அகலமானது. அதனால் கண்ணுக்கு ஒத்துவர எண்ணை அரைப் பாயிண்ட் குறைத்தோ கூட்டியோ வைக்க வேண்டியிருக்கும், அதை அச்செடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உட்பிரிவுக்கு (அ), (ஆ), (இ) வேண்டும் என்கிறீர்கள். வேர்டின் எண் வடிவப் பட்டியலில் இந்தி எழுத்து வரிசை உண்டு, தாய்லாந்து எழுத்து வரிசை உண்டு, நம் அ, ஆ, இ வரிசை இல்லை. இது எனக்கு நீண்ட நாளாக உள்ள வருத்தம். இவ்வளவு பேர் தமிழில் மனுவும் பத்திரமும் விதிகளும் அடிக்கிறோம், அந்த ஒரு வரிசை இருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்! இப்போதைக்கு இரண்டு வழி. ஒன்று, 7.1, 7.2 என்று எண்ணாகவே போடுவது. இரண்டாம் மட்டத்தில் பெட்டியைக் காலி செய்து, 'இன்குளூட் லெவல் நம்பர் ஃப்ரம்' என்பதில் முதல் மட்டத்தைக் கொடுத்து, ஒரு புள்ளி வைத்து, எண் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 'உட்பிரிவு' பாணியோடு இணையுங்கள். ஒவ்வொரு புதிய விதியிலும் உட்பிரிவு தானாக 1-இலிருந்து தொடங்கும். என் விருப்பம் இதுதான், கூட்டத்தில் ஒருவர் "7.2-ஐப் பாருங்கள்" என்றால் யாரும் தேட வேண்டியதில்லை.

ஆனால் பெரியவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் (அ), (ஆ) தான் பழக்கம், அதுவே வேண்டும் என்று தீர்மானித்தால் எழுத்தைக் கையால் அடியுங்கள். எண்களை மட்டும்தான் கையால் அடிக்கக் கூடாது என்றேன். ஒரு விதிக்குள் உட்பிரிவு நான்கைந்தைத் தாண்டாது, ஒன்றை எடுத்தால் மீதியைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. 'உட்பிரிவு' பாணிக்கு முதல் வரி முன்னேயும் மற்ற வரிகள் உள்ளேயும் நிற்கிற மாதிரி 'ஹேங்கிங்' இடைவெளி கொடுத்து, (அ) அடித்து ஒரு டேப் தட்டி எழுதுங்கள். ஸ்பேஸ் அல்ல, டேப். ஸ்பேஸ் தட்டி நேராக்கினால் (அ)-வுக்கும் (ஊ)-வுக்கும் அகலம் வேறு என்பதால் ஒருபோதும் நேராகாது. ஒன்பது, பத்து உட்பிரிவு வருகிற விதி இருந்தால் அதை இரண்டு விதியாகப் பிரியுங்கள். உயிரெழுத்தே பன்னிரண்டுதான், ஔ-வுக்கு அப்புறம் என்ன போடுவது என்று தடுமாற வேண்டாம்.

சங்கத்தில் ஒருவர் தமிழ் எண்களிலேயே விதிகளைப் போடலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ௧ பார்வைக்கு க, ௨ பார்வைக்கு உ, ௭ என்பது எ, ௮ என்பது அ. (அ) என்று உட்பிரிவு இருக்கும் ஆவணத்தில் எட்டாவது விதிக்கு ௮ போட்டால் பதிவு அலுவலகத்தில் படிக்கிறவர் என்ன செய்வார்? கல்யாணப் பத்திரிகையில், நூலின் முன்னுரைப் பக்கங்களில் அழகாக இருக்கும். விதிகளுக்கு வேண்டாம்.

ஒரு விதிக்குள் இரண்டாவது பத்தி எழுத வேண்டி வந்தால் பலர் ஷிஃப்ட், என்டர் தட்டுகிறார்கள். புதிய எண் வராது, உண்மைதான். ஆனால் இருபுறமும் சமமாக நிற்கும் ஜஸ்டிஃபை கொடுத்திருந்தால், ஷிஃப்ட் என்டருக்கு முந்தைய வரி இழுபட்டு மூன்று சொல் வரி முழுக்கப் பரவி நிற்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அந்த ஓட்டைகள் இன்னும் பெரிதாகத் தெரியும். அதற்காகத்தான் 'தொடர்ச்சி' பாணி. எண் இல்லை, இடப்பக்க இடைவெளி மட்டும் 'விதி'யின் எழுத்து தொடங்கும் இடத்துக்கு நேராக.

இப்போது விதி 22 விஷயம். தானியங்கி எண் போட்டுவிட்டு, உள்ளே வரும் குறிப்புகளைக் கையால் அடித்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். "விதி 22-இல்" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் அந்த எண்ணை அழித்துவிட்டு, 'ரெஃபரன்சஸ்' பட்டியில் 'கிராஸ்-ரெஃபரன்ஸ்' திறந்து, வகையில் 'நம்பர்டு ஐட்டம்', செருக வேண்டியதில் 'பாராகிராப் நம்பர்' கொடுத்தால் உங்கள் விதிகள் எல்லாம் பட்டியலாக வரும். கோரம் பற்றிய விதியைத் தேர்ந்தெடுங்கள். இனி அந்த எண் அந்த விதியோடு கட்டப்பட்டது. எல்லாத் திருத்தமும் முடிந்தபின் கன்ட்ரோல், ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டுங்கள், குறிப்புகள் எல்லாம் புதிய எண்ணுக்கு மாறும். எஃப்9 தட்டாதவரை பழைய எண்தான் நிற்கும், இதை மறந்துவிட்டு அச்செடுக்காதீர்கள். அடைப்புக்குறி வேண்டாம் என்றதற்கு இரண்டாவது காரணம் இங்கேதான். எண் "22." என்று இருந்தால் குறிப்பில் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 22 என்று சுத்தமாக வரும். "(22)" என்று இருந்தால் அடைப்புக்குறியும் சேர்ந்தே வந்து வாக்கியத்தின் நடுவே துருத்திக்கொண்டிருக்கும்.

குறிப்பில் சொல்லப்பட்ட விதியையே யாராவது நீக்கிவிட்டால், எஃப்9 தட்டியதும் அந்த இடத்தில் தடித்த எழுத்தில் 'எரர்!' என்று ஒரு வரி வரும். பதற வேண்டாம். இல்லாத விதியை இந்த விதி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. கையால் அடித்திருந்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. எண் மாறலாம் என்பதால், எண்ணுக்குப் பின்னால் நாம் ஒட்டும் உருபு எந்த எண்ணுக்கும் பொருந்த வேண்டும்.  நான் எப்போதும் "22-ஆவது விதியின்படி", "22-ஆவது விதியில்" என்றே எழுதுவேன். 'ஆவது' எல்லா எண்ணோடும் போகும், வேற்றுமை உருபு 'விதி' என்ற சொல்லின்மேல் உட்கார்ந்துவிடும். எண் என்னவாக மாறினாலும் வாக்கியம் உடையாது. கைவலிக்க அடித்துத் திருத்திய பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன், நீங்கள் முதலிலேயே இப்படி எழுதிவிடுங்கள்.

வீட்டில் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்றீர்கள். அதிலும் இதே முறைதான். எஃப்11 தட்டினால் பாணிகள் வரும், பத்திப் பாணிக்குள் அதற்கான வரிசைப் பாணியை இணைக்கலாம், கிராஸ்-ரெஃபரன்ஸில் 'நம்பர்டு பாராகிராப்ஸ்' என்று இருக்கும், அங்கேயும் எஃப்9 தான். தானியங்கி எண் சாம்பல் பின்னணியில் தெரிவதால் கையால் அடித்ததைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அலுவலகத்தில் வேர்ட், வீட்டில் ரைட்டர் என்று ஒரே கோப்பை மாற்றி மாற்றித் திறக்காதீர்கள். இடைவெளிகளும் எண்வரிசையும் போய்வரும்போது சற்றே மாறலாம். ஏதாவது ஒன்றில் தொடங்கி அதிலேயே முடித்து, மற்றவர்களுக்கு பி.டி.எஃப். கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு ஆகும் நாள் வரைதான் இந்தத் தானியங்கி எண் உங்களுக்கு உதவி. பதிவானபின் எண் நகரவே கூடாது. தீர்மானப் புத்தகத்திலும் ரசீதுகளிலும் உறுப்பினர்களுக்கு அனுப்பிய கடிதங்களிலும் "21-ஆவது விதியின்படி" என்று எழுதத் தொடங்கிவிடுவீர்கள், அவற்றுக்கு எஃப்9 கிடையாது. நம் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். 2002-இல் 86-ஆவது திருத்தத்தால் கல்வி உரிமையைச் சேர்த்தபோது 22-ஐ 23 ஆக்கவில்லை, 21-அ என்று நடுவில் வைத்தார்கள். 1978-இல் 44-ஆவது திருத்தத்தால் சொத்துரிமை பற்றிய 31-ஐ எடுத்தபோதும் 32 அப்படியே 32-ஆகத்தான் நின்றது.

உங்கள் சங்கமும் அப்படியே செய்யட்டும். பதிவான கோப்பைத் தனியாக எடுத்து வைத்து, அதில் முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, புதிய வெற்றுக் கோப்பில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்து ஒட்டினால் எண்கள் எல்லாம் வெறும் எழுத்தாக உறைந்துவிடும். அலங்காரம் போய்விடும், பாணியை மறுபடி கொடுக்க வேண்டும். இந்த முறை எண் இணைக்காத வேறொரு பாணி. பின்னால் 14-க்கும் 15-க்கும் நடுவே ஒரு விதி சேர்ந்தால் 14-அ என்று கையால் அடியுங்கள். ஒரு விதி போனால் எண்ணை விட்டுவைத்து அதன் எதிரே 'நீக்கப்பட்டது' என்றும் எந்தத் தேதித் தீர்மானத்தால் என்றும் எழுதுங்கள். 7-ஆவது விதியை நீங்கள் பதிவுக்கு முன்னால் எடுத்தது நல்லதாகப் போயிற்று.

கோரம் பற்றிய குறிப்பு 31-இல் மட்டும் அல்ல. 36-இலும் ஒன்று இருக்கிறது, "மேற்படி விதி 22" என்று. அதையும் சேர்த்துக் கட்டிவிட்டு, எஃப்9 தட்டியபின் கோப்பை அனுப்புங்கள். இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் குறிப்பைப் படிக்க இன்னொருவர் அந்த விதியைத் திறந்து பார்க்க வேண்டும். நான் ஒரு பக்கம் படிக்கிறேன்.